மீறினார், முறித்தார், வளைத்தார்

பிரிட்டன் நாடாளுமன்றத்தில் 2020 செப்டம்பர் 8ஆம் தேதி பிராண்டன் லூயிஸ் என்ற அமைச்சர் எழுந்து, தம் அரசு கொண்டுவரும் மசோதா சர்வதேசச் சட்டத்தை மீறுவது உண்மைதான் என்றார். சொன்னவர் அதோடு உட்காரவில்லை. மிகக் குறிப்பிட்ட ஒரு விதத்தில், வரம்புக்கு உட்பட்டுத்தான் மீறுகிறது என்று ஒரு வாலையும் சேர்த்தார். அன்றைக்கே அரசின் சட்டத் துறைத் தலைமை அதிகாரி ஜொனாதன் ஜோன்ஸ் பதவி விலகினார்.

பிரெக்ஸிட் ஒப்பந்தம், வட அயர்லாந்து, சுங்க விதிகள் என்று அந்த மசோதாவின் பின்கதை நீளமானது. அது இங்கே வேண்டாம். நான் சொல்ல வந்தது அமைச்சர் எடுத்த வினைச்சொல்லைப் பற்றி. அவர் சொன்னது 'பிரேக்'. ஆங்கிலத்தில் சட்ட மீறலைச் சொல்ல இருக்கும் சொற்களிலேயே பச்சையானது அதுதான். அரசாங்கங்கள் தங்களைப் பற்றிச் சொல்லும்போது அந்தச் சொல்லைத் தொடவே மாட்டா. 'கடப்பாடுகளோடு முழுவதும் பொருந்தாமல் போகக்கூடும்' என்ற மாதிரி ஏதாவது சொல்லி நழுவுவார்கள். இவர் பள்ளிக்கூடப் பையன் சொல்வதுபோல 'பிரேக்' என்றார். உலகம் முழுக்க அது தலைப்புச் செய்தியானது.

அப்போது நான் ஒரு தமிழ் நாளிதழின் டெஸ்க்கில் வெளிநாட்டுச் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏஜென்சியிலிருந்து ஆங்கிலத்தில் வருவதைத் தமிழாக்கிப் பக்கத்துக்கு அனுப்பும் வேலை. எங்கள் டெஸ்க்கில் எழுதப்படாத ஒரு வழக்கம் உண்டு. 'பிரேக்', 'வயலேட்', 'பிரீச்', 'ஃப்ளவுட்', 'டிஃபை' எது வந்தாலும் 'மீறினார்' என்று போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். ராத்திரி பதினோரு மணிக்கு வேறென்ன செய்வது? புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் மட்டும் விடமாட்டான். "அண்ணே, ஒரே காப்பியில அஞ்சு சொல்லு மாத்தி மாத்திப் போட்டிருக்கான். நாம அஞ்சுக்கும் மீறல்னே போட்டா எப்படிண்ணே?" என்பான். நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரை அவனுக்குச் சொன்ன பதிலின் நீண்ட வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலில் தமிழையே பாருங்கள். வரியை ஏய்க்கிறோம். ஒப்பந்தத்தை முறிக்கிறோம். வாக்குத் தவறுகிறோம். ஊர்க் கட்டுப்பாட்டை மீறுகிறோம். எல்லையில் அத்துமீறுகிறோம். நீதிமன்றத்தை அவமதிக்கிறோம். பொது அமைதிக்குக் குந்தகம் விளைவிக்கிறோம். எல்லாமே செய்யக்கூடாததைச் செய்வதுதான். ஆனாலும் 'வரியை முறித்தார்' என்றோ 'வாக்கை ஏய்த்தார்' என்றோ யாராவது எழுதினால் எழுதியவர் வெளியூர்க்காரர் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். எந்தப் பெயர்ச்சொல்லுக்கு எந்த வினைச்சொல் துணை என்பது நமக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருக்கிறது. ஆங்கிலத்திலும் அப்படித்தான். அவர்கள் அதற்கு 'கொலொகேஷன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சொற்சேர்க்கை என்று வைத்துக்கொள்வோம்.

இந்தச் சொற்சேர்க்கைப் படிப்பின் வரலாற்றில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று. ஆங்கிலத்தை வெளியாட்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனவர்கள்தான் இதை முதலில் ஒழுங்காகக் கவனித்தவர்கள். ஹெரால்ட் பால்மர் என்ற ஆங்கிலேயர் டோக்கியோவில் இருந்துகொண்டு 1933இல் ஆங்கிலச் சொற்சேர்க்கைகள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். அவரோடு வேலை பார்த்த ஹார்ன்பி தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில்தான் அச்சானது. பிறகு ஆக்ஸ்ஃபோர்டு அதை எடுத்துக்கொண்டது. நம்மில் பலர் கல்லூரியில் வாங்கிய தடித்த ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதியின் தாத்தா அது. ஒரு சொல்லின் பொருளை அது யாரோடு சேர்ந்து புழங்குகிறது என்பதை வைத்துத்தான் அறியமுடியும் என்ற கருத்தைப் பிரபலமாக்கிய மொழியியலாளர் ஜே.ஆர்.ஃபர்த் 1920களில் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். பிறவியிலேயே ஆங்கிலம் பேசுகிறவருக்கு இந்தச் சேர்க்கைகள் கண்ணில் படுவதில்லை. தடுக்கி விழுகிறவருக்குத்தானே படி தெரியும்.

சரி, அந்த ஐந்து சொற்களுக்கு வருவோம்.

'பிரேக்' பொதுச்சொல். சட்டத்தை, விதியை, வாக்குறுதியை, ஊரடங்கை என்று எதையும் 'பிரேக்' செய்யலாம். வேண்டுமென்றே செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று அந்தச் சொல் சொல்லாது. பேச்சிலும் எழுத்திலும் ஒருபோல வரும்.

'வயலேட்' கனமானது. மனித உரிமைகள், அரசியல் சாசனம், போர்நிறுத்த உடன்பாடு, ஒரு நாட்டின் வான்வெளி ஆகியவற்றோடு சேரும். தீண்டக்கூடாத ஒன்றைத் தீண்டிவிட்டார்கள் என்ற தொனி அதில் உண்டு. கோயிலின் புனிதம் கெட்டது என்பதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல் வரும். அதனால்தான் தெருவில் வண்டியைத் தப்பான இடத்தில் நிறுத்தியதை 'வயலேட்' என்று காவல் துறைச் சலானில் படிக்கும்போது சற்று அதிகப்படியாகத் தோன்றும். அரசு அலுவலகங்களுக்குக் கனமான சொற்கள் மேல் எப்போதும் ஓர் ஆசை.

'பிரீச்' எனக்குப் பிடித்தது. இதைப் புரிந்துகொள்ள மழைக்காலத்தில் பொதுப்பணித் துறைக்காரர்களிடம் பேசினால் போதும். ஏரிக்கரை உடைந்தால் அவர்கள் 'பிரீச் ஆயிடுச்சு' என்பார்கள். ஆங்கிலத்திலும் அதன் பழைய பொருள் அதுதான்; கரையிலோ கோட்டைச் சுவரிலோ விழுந்த திறப்பு. எனவே எதையாவது காத்துநிற்கும் ஒன்றில், அல்லது இரண்டு பேரைக் கட்டிவைத்திருக்கும் ஒன்றில் பிளவு விழுந்தால் 'பிரீச்'. ஒப்பந்தம், நம்பிக்கை, ரகசியக் காப்பு, கடமை, பாதுகாப்பு எல்லாம் இந்தச் சொல்லோடு சேரும். 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 405, 406ஆவது பிரிவுகளில் இருந்த 'கிரிமினல் பிரீச் ஆஃப் டிரஸ்ட்' இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 316ஆவது பிரிவாகியிருக்கிறது. தமிழில் அதை 'நம்பிக்கை மோசடி' என்று நாம் அழகாகவே எழுதிவருகிறோம். ஆனால் 2023 டிசம்பர் 13ஆம் தேதி மக்களவைப் பார்வையாளர் மாடத்திலிருந்து இருவர் குதித்துப் புகைக்குப்பியைத் திறந்தபோது ஆங்கிலப் பத்திரிகைகள் எல்லாம் 'செக்யூரிட்டி பிரீச்' என்று எழுதின. இதற்கு 'பாதுகாப்பு மீறல்' என்று போட்டால் ஏதோ விதியை மீறிய மாதிரி ஒலிக்கும். கரை உடைந்தது என்பதுதான் சேதி. 'பாதுகாப்பு வளையத்தை உடைத்து' என்று எழுதியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

காப்புரிமைக்கும் பதிப்புரிமைக்கும் பெரும்பாலும் 'இன்ஃப்ரிஞ்ச்'தான். நம் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்திலும் அந்தச் சொல்தான். சட்டப் பிரிவுக்கு முரணாக நடப்பதைச் சொல்ல 'கான்ட்ரவீன்' என்று ஒன்று இருக்கிறது. அரசு ஆணைகளுக்கு வெளியே அதை யாரும் பேசிக் கேட்டதில்லை. பெற்றோர், மேலதிகாரி என்று ஆளிருந்து இடும் கட்டளைக்குக் கீழ்ப்படியாமல் போனால் 'டிஸ்ஒபே'. தடை, நீதிமன்ற ஆணை, அதிகாரம் ஆகியவற்றை நெஞ்சு நிமிர்த்தி எதிர்த்தால் 'டிஃபை'. தடையை மீறி ஊர்வலம் என்று நம் பத்திரிகைகளில் அடிக்கடி வருமே, அது 'டிஃபை'. இதில் ஒரு துணிச்சலுக்கான மரியாதையும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

'ஃப்ளவுட்' அப்படியில்லை. அது இளக்காரம். விதி இருக்கிறது என்று தெரியும், மற்றவர்கள் கடைப்பிடிக்கிறார்கள் என்றும் தெரியும், எனக்கு அது பொருட்டே இல்லை என்று நடந்துகொள்வது. தமிழில் இதற்கு அச்சாகப் பொருந்தும் தொடர் நம்மிடமே இருக்கிறது: விதிகளைக் காற்றில் பறக்கவிட்டார். தம்பியிடம் நான் சொன்ன முதல் பாடம் இதுதான். 'ஃப்ளவுட்' வந்தால் காற்றில் பறக்கவிடு, 'மீறினார்' போடாதே.

இந்தச் சொற்களுக்குள் இருக்கும் வேறுபாடு உயிரோடு நடமாடும் ஒரு வரலாற்றை எடுத்துக்கொண்டால் எளிதில் விளங்கும். 1930 ஏப்ரல் 6ஆம் தேதி தண்டிக் கடற்கரையில் காந்தி உப்பு எடுத்ததை ஆங்கிலத்தில் 'பிரேக்கிங் தி சால்ட் லா' என்றுதான் எழுதினார்கள், காந்தி தரப்பும் சேர்ந்து. சட்டத்தை உடைப்பதுதான் நோக்கம் என்பதால் மழுப்பலான சொல் தேவைப்படவில்லை. அடுத்த வாரமே ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குக் கிளம்பினார். வழியின் பெரும்பகுதி தஞ்சை மாவட்டம். அந்த மாவட்டக் கலெக்டர் தார்ன் ஐ.சி.எஸ். ஓர் அறிவிப்பு விட்டார்: நடைப்பயணக்காரர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுக்கிறவர்கள் சிறைக்குப் போகவேண்டியிருக்கும்.

மக்கள் என்ன செய்தார்கள்? சிலர் வெளிப்படையாகவே இடம் கொடுத்துவிட்டுச் சிறைக்குப் போனார்கள். இது 'டிஃபை'. இன்னும் சிலர் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டி வழியோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். யாரும் யாருக்கும் சோறு கொடுக்கவில்லை. மரத்தில் ஏதோ தொங்கியது, பசித்தவன் எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் இது 'கெட் ரவுண்ட்' அல்லது 'சர்க்கம்வென்ட்': ஆணையின் எழுத்தைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போவது. ஏப்ரல் 30ஆம் தேதி வேதாரண்யத்தில் ராஜாஜி உப்பு அள்ளினாரே, அது மறுபடியும் 'பிரேக்'. ஒரே நடைப்பயணத்தில் மூன்று வினைச்சொற்கள், மூன்று விதமான மனிதர்கள். எல்லாவற்றுக்கும் 'மீறினர்' என்று போட்டால் அந்த மரக்கிளைச் சோறு காணாமல் போய்விடும். பெரிய நஷ்டம் அது. 'சிவில் டிஸ்ஒபீடியன்ஸ்' என்பதற்கு அந்தத் தலைமுறை கண்ட 'சட்டமறுப்பு' எவ்வளவு கச்சிதம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மீறல் இல்லை, மறுப்பு. சட்டத்தை ஏற்க மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்வது.

சுற்றிப் போகிறவர்களின் சொற்களில் 'லூப்ஹோல்' நமக்கு நன்றாகத் தெரிந்தது. கோட்டைச் சுவரில் உள்ளிருந்து அம்பு எய்ய விட்டிருக்கும் ஒடுங்கிய துளைக்கு அந்தப் பெயர். நாம் 'சட்டத்தில் ஓட்டை' என்கிறோம், பொருத்தம்தான். 'பெண்ட் தி ரூல்ஸ்' என்றால் விதியை வளைப்பது. தமிழில் சட்டத்தை வளைத்தார் என்றால் உடனே லஞ்சம் நினைவுக்கு வரும். ஆங்கிலத்தில் அப்படி இருக்க வேண்டியதில்லை. கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி முடிந்தும் பிள்ளையின் நிலைமையைப் பார்த்து ஒரு நாள் கழித்து வாங்கிக்கொள்ளும் குமாஸ்தாவும் 'பெண்ட்' செய்தவர்தான். அங்கே அது பாராட்டு.

இன்னொரு வேடிக்கைச் சொல் 'ஜம்ப்'. வரிசையைத் தாண்டிப் போனால் 'ஜம்ப் தி க்யூ'. ஜாமீனில் வெளியே வந்தவர் கம்பி நீட்டினால் 'ஜம்ப் பெயில்'. சிவப்பு விளக்கில் நிற்காமல் போனால் பிரிட்டனில் 'ஜம்ப்', அமெரிக்காவில் 'ரன்'. நம் ஊரில் 'சிக்னல் ஜம்ப் பண்ணிட்டான்' என்று ஆட்டோக்காரர் முதல் டிராஃபிக் கான்ஸ்டபிள் வரை சொல்கிறார்கள். சேர்க்கை அட்சரசுத்தம்; யாரும் இலக்கணம் படித்துச் சொல்லவில்லை.

வினைச்சொல்லுக்கு முன்னால் வரும் அடைமொழிகளிலும் அரசியல் இருக்கிறது. கொரோனா ஊரடங்கில் பிரிட்டன் பிரதமரின் ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ் லண்டனிலிருந்து டர்ஹமுக்குக் குடும்பத்தோடு காரில் போனார். அங்கிருந்து பர்னார்ட் காசில் என்ற ஊருக்கு இன்னொரு பயணம். ஏன் போனீர்கள் என்றதற்குத் தன் கண்பார்வை கார் ஓட்டும் அளவுக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனதாகச் சொன்னார். பார்வையில் சந்தேகம் இருந்தால் மனைவியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்ப்பார்களா என்று அந்நாடே கேட்டது. 2020 மே கடைசியில் டர்ஹம் போலீஸ் தந்த முடிவில், அந்த இரண்டாவது பயணத்தில் ஒரு 'மைனர் பிரீச்' நடந்திருக்கக்கூடும் என்று இருந்தது. எவ்வளவு மெத்தை விரித்துவிட்டார்கள் பாருங்கள். 'மைனர்' ஒன்று, 'நடந்திருக்கக்கூடும்' ஒன்று. போதாததற்கு 'பிரீச்' பெயர்ச்சொல். பெயர்ச்சொல்லுக்கு எழுவாய் வேண்டாம். மீறல் நடந்தது என்றால் மீறியவர் எங்கே என்று கேட்க வேண்டும் என்றே தோன்றாது.

இரண்டு ஆண்டு கழித்து அதே உத்தி பிரதமருக்கே தேவைப்பட்டது. 2020 ஜூன் 19ஆம் தேதி அலுவலகத்தில் நடந்த பிறந்தநாள் கூடலுக்காக போரிஸ் ஜான்சனுக்கு 2022 ஏப்ரலில் லண்டன் போலீஸ் அபராதம் விதித்தது. பதவியில் இருக்கும்போதே சட்டத்தை மீறியதாகத் தண்டம் கட்டிய முதல் பிரிட்டன் பிரதமர் அவர். ஊரடங்கின்போது அரசு அலுவலகங்களில் நடந்த இதுபோன்ற கூடல்களுக்காக மொத்தம் 126 அபராதங்கள். ஜான்சன் மன்னிப்புக் கேட்டபோது, அது விதிகளின் 'பிரீச்' ஆக இருக்கலாம் என்று தமக்கு அப்போது தோன்றவே இல்லை என்றார். 'நான் பிரேக் செய்தேன்' என்ற வாக்கியம் அவர் வாயிலிருந்து வரவில்லை. எதிர்க்கட்சியினர் 'ஃப்ளவுட்' என்றார்கள். ஒரே கேக், வினைச்சொல் மட்டும் கட்சிக்குக் கட்சி வேறு.

ஐ.நா. தீர்மானங்களையும் வெளியுறவு அறிக்கைகளையும் படிக்கும்போதும் இந்த அடைமொழிகளைக் கவனிக்கலாம். 'ஃப்ளேக்ரன்ட்', 'பிளேட்டன்ட்' என்று வந்தால் பட்டப்பகலில், ஒளிவுமறைவு இல்லாமல் செய்தார்கள் என்று குற்றச்சாட்டு. 'கிராஸ்' என்று வந்தால் அளவில் பெரியது; மனித உரிமை மீறலுக்கு முன்னால்தான் பெரும்பாலும் வரும். 'டெக்னிக்கல்' என்று வந்தால் யாரோ யாரையோ காப்பாற்றப் பார்க்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்வேன். இது என் டெஸ்க் அனுபவம், அகராதியில் தேடாதீர்கள்.

மீறுகிறவரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். பார்த்தும் பாராமல் இருப்பவருக்கும் ஆங்கிலத்தில் ஒரு தொடர் உண்டு: 'டர்ன் எ பிளைண்ட் ஐ'. குருட்டுக் கண்ணைத் திருப்புவது. இதைச் சொன்னாலே நெல்சன் கதை வந்துவிடும். 1794இல் கோர்சிகாத் தீவில் காயம்பட்டு வலக்கண் பார்வை இழந்த கடற்படைத் தளபதி அவர். 1801 ஏப்ரல் 2ஆம் தேதி கோபன்ஹேகன் கடற்போரில், சண்டையை நிறுத்தச் சொல்லி மேல்தளபதி ஹைட் பார்க்கர் கொடி ஏற்றினார். நெல்சன் தொலைநோக்கியைப் பார்வையற்ற கண்ணில் வைத்து, எனக்குக் கொடி ஒன்றும் தெரியவில்லையே என்றாராம். சண்டையைத் தொடர்ந்தார், வென்றார். தோற்றிருந்தால் இதே செயலுக்கு 'டிஸ்ஒபே' என்று பெயர் வைத்து விசாரித்திருப்பார்கள். தொடர் அவருக்கு முன்பே புழக்கத்தில் இருந்தது என்று சொல்லாராய்ச்சியாளர்கள் காட்டுகிறார்கள். ஆனாலும் புகழ் அவருக்குத்தான். இன்றைக்கு இத்தொடர் கீழே இருப்பவரைவிட மேலே இருப்பவருக்கே அதிகம் பொருந்துகிறது. ஏரியில் வீடு கட்டினால் அது 'என்க்ரோச்மென்ட்'. அதற்கு மின் இணைப்பும் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்த அதிகாரிக்கு 'பிளைண்ட் ஐ'. கண்டும் காணாமல் விட்டார் என்று தமிழில் தாராளமாக எழுதலாம்.

விதியை மீறாமலே தப்புச் செய்வதும் உண்டு. 1981 பிப்ரவரி 1ஆம் தேதி மெல்பர்னில் நியூசிலாந்துக்குக் கடைசிப் பந்தில் ஆட்டத்தைச் சமன்செய்ய 6 ரன் வேண்டும். ஆஸ்திரேலியக் கேப்டன் கிரெக் சேப்பல் சொல்ல, அவர் தம்பி டிரெவர் பந்தைத் தரையில் உருட்டிவிட்டார். அன்றைய விதிப்படி அது செல்லும். எனவே 'பிரேக்' இல்லை, 'பிரீச்' இல்லை. விதியின் எழுத்து காப்பாற்றப்பட்டது, அதன் 'ஸ்பிரிட்' போயிற்று என்று எழுத வேண்டியிருந்தது. கிரிக்கெட்காரர்கள் இன்றும் அந்தச் சொல்லை வைத்துச் சண்டை போடுகிறார்கள்.

இவற்றைப் படிக்கிறவர்கள் எப்படி மனத்தில் நிறுத்துவது என்று கேட்டால், தனிச்சொல்லாக எழுதிப் படிக்காதீர்கள் என்பேன். 'பிரீச்' என்று எழுதி எதிரே 'மீறல்' என்று எழுதினால் ஒன்றும் நிற்காது. 'பிரீச் ஆஃப் கான்ட்ராக்ட், ஒப்பந்த முறிவு' என்று ஜோடியாக எழுதுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு 2002இல் சொற்சேர்க்கைக்கென்றே தனி அகராதி போட்டிருக்கிறது. 'ரூல்' என்ற சொல்லைத் திறந்தால் அதோடு சேரும் வினைகளும் அடைமொழிகளும் வரிசையாக இருக்கும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் வாங்கிவைக்கலாம்.

'ஃப்ளவுட்' பயன்படுத்தும்போது மட்டும் கவனம். 'ஃப்ளான்ட்' என்று பக்கத்து வீட்டுச் சொல் ஒன்று இருக்கிறது. பகட்டிக் காட்டுவது என்று பொருள். புது நகையையும் புதுக் காரையும் 'ஃப்ளான்ட்' செய்யலாம், விதியைச் செய்ய முடியாது. ஆங்கிலேயர்களே இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். எது என்று சந்தேகமாக இருந்தால் 'பிரேக்' என்று எழுதிவிடுங்கள். விதியைப் பொறுத்தவரை அது தப்பாகாது.